கைதட்டலை நீக்கிய கச்சேரி: கிங் கிரிம்சனின் ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’, நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு

கிங் கிரிம்சன் என்ற ஆங்கிலேய ராக் குழு வாசித்து, 1974 மார்ச்சில் ஐலண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ இசைத்தட்டை முன்னறிமுகம் எதுவும் இல்லாமல் கேட்பவர், அதிலுள்ள எட்டு உருப்படிகளும் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு பல நாள் உழைத்துப் பதிவு செய்யப்பட்டவை என்றே நினைப்பார். இருமல் சத்தம் இல்லை, சீட்டி இல்லை, கைதட்டலும் இல்லை. ஆனால் முழுக்க முழுக்க ஸ்டூடியோவில் உருவானவை முதல் இரண்டு உருப்படிகள் மட்டுமே. ‘தி நைட் வாட்ச்’ என்ற பாடலின் தொடக்கம் மேடையிலும் மிச்சம் ஸ்டூடியோவிலும் பதிவாயின. மற்ற ஐந்தும் 1973 அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிளாஸ்கோ, சூரிக், ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களில் ரசிகர்கள் முன்னிலையில் வாசிக்கப்பட்டவை. அந்த ஐந்திலும் நான்கு, எப்படித் தொடங்கும், எங்கே போய் முடியும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாமல் தொடங்கியவை. நிமிடக் கணக்குப் பார்த்தால், ஏறத்தாழ 47 நிமிடம் ஓடும் இந்தத் தட்டில் பாதி அப்படி மேடையிலேயே பிறந்தது.

நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது, குழுவின் கிடார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பும் டேவிட் சிங்கிள்டனும் தொடங்கிய டிஜிஎம் நிறுவனத்தின் வழியாக 2011-இல் வந்த இரட்டைத் தட்டுப் பதிப்பு. அட்டையில் காணும் ‘நாற்பதாம் ஆண்டு’ என்பது இந்தத் தட்டின் வயது அல்ல. 1969-இல் முதல் தட்டை வெளியிட்ட குழுவின் வயதை முன்னிட்டுத் தொடங்கப்பட்ட மறுவெளியீட்டு வரிசைக்கு அந்தப் பெயர். இந்தப் பதிப்பின் முதல் தட்டு சாதாரண குறுந்தட்டு: ஒலிக்கலவையாளர் ஸ்டீவன் வில்சனும் ராபர்ட் ஃப்ரிப்பும் மூல ஒலிநாடாக்களிலிருந்து புதிதாகச் செய்த ஸ்டீரியோ கலவையும், கூடுதலாக ஐந்து மேடைப் பதிவுகளும் அதில் உள்ளன. இரண்டாவது, டிவிடி ஆடியோ: ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் ஒரு தாழ்சுருதி ஒலிபெருக்கிக்குமான சர்ரவுண்ட் கலவை, 1974-இன் மூலக் கலவை ஆகியவை உயர்தரத்தில் இருப்பதோடு, 1973 ஜூனில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் குழு வாசித்தபோது எடுத்த சிறிது படக்காட்சியும் இருக்கிறது. டிவிடி ஆடியோ என்றதும் அதற்கென்று தனிக் கருவி தேடவேண்டுமோ என்று தயங்கவேண்டாம். அதிலேயே உள்ள டிடிஎஸ் என்ற சர்ரவுண்ட் ஒலி வடிவம் சாதாரண டிவிடி இயக்கியிலும் ஓடும். எனக்கு வந்த பொதியின் அட்டை ஒரு மூலையில் நசுங்கியிருந்தது. அனுப்பிய கடைக்காரர் உறை ஒன்றைத் தவிர வேறு பாதுகாப்பு எதுவும் செய்திருக்கவில்லை. தட்டுகளுக்குச் சேதமில்லை என்பதால் அந்தக் கதையை அத்துடன் விடுகிறேன்.

இந்தத் தட்டின் இயல்பு விளங்க, இதை வாசித்த குழு எப்படிச் சேர்ந்தது என்பதைச் சிறிது சொல்லியாகவேண்டும். 1972-இல் ஃப்ரிப் தம்மைத் தவிர மற்ற அனைவரையும் மாற்றிக் குழுவைப் புதிதாக அமைத்தார். ‘யெஸ்’ குழு தன் புகழின் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அதைவிட்டு வந்தார் டிரம்ஸ் வாசிக்கும் பில் புரூஃபோர்ட். ‘ஃபேமிலி’ குழுவிலிருந்து ஜான் வெட்டன் பேஸ் கிடாரோடும் கனத்த குரலோடும் வந்தார். வயலினுக்கு டேவிட் கிராஸ். ஐந்தாமவர் ஜேமி மியூர். டெரெக் பெய்லி, ஈவான் பார்க்கர் போன்றவர்களோடு லண்டனில் எந்த வடிவத்துக்கும் கட்டுப்படாத சுதந்திர வாசிப்பில் ஊறியவர். சங்கிலி, உலோகத் தகடு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தாளக் கருவியாக்கியவர். 1973-இன் தொடக்கத்திலேயே அவர் விலகி ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்துக்குப் போய்விட்டார். ஆனால் அவர் விட்டுச் சென்றது மற்ற நால்வரிடமும் தங்கிவிட்டது. குறிப்பாகப் புரூஃபோர்ட், இசைக்கு ஊழியம் செய்யவே வாசிப்பவன் இருக்கிறானேயன்றி வாசிப்பவனுக்கு ஊழியம் செய்ய இசை இல்லை என்ற பாடத்தை மியூரிடம் கற்றதாகப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தத் தட்டில் அந்தப் பாடம் எங்கே கேட்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முன்னேற்பாடில்லாத வாசிப்பு இந்தத் தட்டில் இவ்வளவு இடம்பிடித்ததற்கு மியூரின் தாக்கம் ஒரு காரணம் என்றால், இரண்டாவது காரணம் அத்தனை உயர்வானதல்ல: கைவசம் போதுமான புதிய உருப்படிகள் இல்லை. ஓயாத சுற்றுப்பயணத்தில் உட்கார்ந்து பாடல் எழுத நேரம் ஏது? எனவே ஒவ்வொரு கச்சேரியிலும் இரண்டு பாடல்களுக்கு நடுவே முன்னேற்பாடு இல்லாத வாசிப்பு இடம்பிடித்தது. 1974 ஜனவரியில் லண்டன் ஏர் ஸ்டூடியோவில் தட்டை முடிக்க அமர்ந்தபோது, அந்த வாசிப்புகளின் ஒலிநாடாக்களே பாதித் தட்டாக மாறின. அதே ஆண்டில் ‘ஹென்றி கௌ’ என்ற மற்றொரு ஆங்கிலேயக் குழு ‘அன்ரெஸ்ட்’ தட்டில் செய்ததும் இதற்கு நெருங்கியதே. எழுதி முடித்தவை போதாமல் தட்டின் இரண்டாம் பக்கத்தை ஸ்டூடியோவிலேயே வாசித்தும் வெட்டி ஒட்டியும் உருவாக்கினார்கள். பற்றாக்குறை இல்லாவிட்டால், ராக் இசையை நீண்ட, சிக்கலான வடிவங்களுக்குக் கொண்டுபோன புரோகிரசிவ் ராக்கின் துணிச்சலான பக்கங்கள் பல எழுதப்பட்டே இருக்கமாட்டா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கையில் எழுதிய உருப்படிகள் குவிந்திருந்த குழுக்கள் மேடையில் தட்டை அச்சுப்பிசகாமல் திருப்பி வாசிப்பதையே பெருமையாக எண்ணின.

நம் சங்கீதத்தில் பழகிய செவி இதை மனோதர்மம் என்று சொல்லிவிட முந்தும். ஆனால் அந்தச் சொல் இங்கே முழுவதும் பொருந்தாது. ஆலாபனை செய்பவருக்கு ராகம் என்ற வீடு முன்பே கட்டப்பட்டிருக்கிறது. எந்த அறையில் எவ்வளவு நேரம் அமர்வது என்பதில்தான் அவருடைய சுதந்திரம். தனி ஆவர்த்தனத்துக்குத் தாளம் இருக்கிறது. சுருதிப் பெட்டி எல்லோருக்கும் பொதுவாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. இங்கே இந்த நால்வரும் மேடையில் நிற்கும்போது ராகம் முடிவாகவில்லை, தாளம் முடிவாகவில்லை, யார் முதலில் தொடங்குவார் என்பதுகூட முடிவாகவில்லை. ஒருவர் ஓர் ஒலியை எழுப்ப, மற்றவர் அதைக் கேட்டு அதற்குப் பக்கத்தில் ஒன்றை வைக்க, வீடு அப்போதுதான் எழும்புகிறது. பெரும்பாலான இரவுகளில் பாதிச் சுவரோடு நின்றும்விடும். அதனால் இந்த நான்கு துண்டுகளையும் மதிப்பிடும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி, எவ்வளவு துணிச்சலாக வாசித்தார்கள் என்பதல்ல. ஒருவர் மற்றவரை எவ்வளவு கேட்டார்கள் என்பதே.

அந்த அளவுகோலின்படி இந்தத் தட்டின் சிகரம் ‘ட்ரையோ’. ஆறு நிமிடத்துக்கும் குறைவான இந்தத் துண்டு, 1973 நவம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் அரங்கில் பிறந்தது. தொடக்கத்தில் ஒலி இவ்வளவு தாழ்ந்திருக்கிறது, தெருவில் ஆட்டோ ஓடும் நேரத்தில் கேட்டால் முதல் நிமிடம் போனதே தெரியாது. வயலின் மெல்ல ஓர் இழையை இழுக்கிறது. பேஸ் கிடார் அதன் அடியில் இரண்டொரு சுரங்களை மட்டும் வைத்து நகர்கிறது. பிறகு ஃப்ரிப் கிடாரை விட்டுவிட்டு மெல்லோட்ரானில் புல்லாங்குழல் ஒலியை எடுக்கிறார். மெல்லோட்ரானைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் உண்மையான வாத்தியத்தைப் பதிவு செய்த ஒலிநாடாத் துண்டு ஒன்று இருக்கும், கட்டையை அழுத்தினால் அது ஓடும், ஏறத்தாழ எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும். மின்னழுத்தம் சற்றே தளர்ந்தாலும் சுருதி நழுவும். அந்தக் கோணல் சுருதியே இங்கே மனிதர் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஊதுவதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. மூவரும் சேர்ந்து யாரும் எழுதாத ஒரு மெட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த பிறகு விரிக்கவோ மினுக்கவோ முயலாமல், கொஞ்ச தூரம் அதனோடு நடந்துவிட்டு இறக்கிவைக்கிறார்கள்.

நான்காமவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. புரூஃபோர்ட் குச்சிகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, துண்டு முடியும்வரை அப்படியே அமர்ந்திருந்தார். எந்த விநாடியிலும் நுழையலாம். அவர் நுழைந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். இசையில் தமக்கு வேலையில்லை என்று அவர் அந்த இடத்திலேயே முடிவு செய்ததும் ஓர் இசை முடிவே என்று மற்ற மூவரும் ஏற்றுக்கொண்டார்கள். தட்டின் உறையில் இந்தத் துண்டை இயற்றியவர்கள் வரிசையில் நான்கு பெயர்களும் இருக்கின்றன. ஒரு அடிகூட அடிக்காமல் ஒரு டிரம்ஸ் கலைஞர் இயற்றியவர்களில் ஒருவராக மதிக்கப்பட்ட இதுபோன்ற இன்னோர் இடம் ராக் உலகில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மியூர் கற்றுத்தந்த பாடம் என்று நான் மேலே சொன்னது இதைத்தான்.

கிளாஸ்கோ அப்பல்லோ அரங்கில் அக்டோபர் 23 அன்று வாசித்த ‘வீல் லெட் யு நோ’ அத்தனை நேரம் பேசத் தக்கதல்ல. உதிரி ஒலிகளாகத் தொடங்கி, வெட்டனின் கரகரத்த பேஸ் ஒரு நடையைப் பிடித்ததும் குழு முழுவதும் அதில் ஏறிக்கொள்கிறது. ஏறி உட்கார்ந்து சுகம் காணும் நேரத்தில் நறுக்கென்று வெட்டுப்படுகிறது. நாலு நிமிடம்கூட இல்லை. இந்த நால்வரில் வெட்டனும் புரூஃபோர்டும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய எடை உருண்டு வரும் என்பதற்கு நல்ல மாதிரி. மாதிரி என்பதற்குமேல் அது போகவில்லை.

‘தி மின்சர்’ அப்படியல்ல. இந்தப் பதிப்பை வாங்குவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். மூலத் தட்டில் இது நான்கு நிமிட உருப்படி. நவம்பர் 15 அன்று சூரிக்கின் ஃபோக்ஸ்ஹவுஸ் அரங்கில் முன்னேற்பாடின்றி வாசித்த நீண்ட துண்டின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, அதன்மேல் வெட்டன் ஸ்டூடியோவில் பாடிய வரிகளை ஏற்றியிருந்தார்கள். எழுதிவைத்த பாடலா, தற்செயலா என்று முதல் முறை கேட்பவரால் சொல்லமுடியாது. முடிவு மட்டும் விசித்திரம்: ஓடிக்கொண்டிருக்கும்போதே கழுத்தைப் பிடித்து நிறுத்தியதுபோல் அறுந்துவிடும். மூலத் தட்டின் முதல் பக்கம் இப்படித்தான் முடிகிறது. 1992-இல் வந்த ‘தி கிரேட் டிசீவர்’ என்ற நான்கு தட்டுத் தொகுப்பில், சூரிக் வாசிப்பின் முன்பகுதியும் பின்பகுதியும் ‘தி லா ஆஃப் மேக்சிமம் டிஸ்ட்ரெஸ்’ என்ற தலைப்பில் இரண்டு துண்டுகளாக வெளிவந்தன. நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்து தோண்டி எடுத்ததுதான் ‘தி மின்சர்’. 2011 பதிப்பின் கூடுதல் பகுதியில் மூன்றையும் அவற்றின் பழைய வரிசையிலேயே அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிக் கேட்கும்போது தெரியவருவது ஒன்று உண்டு. மூலத் தட்டில் ‘தி மின்சர்’ ஓர் அச்சமூட்டும் குட்டிப் பாடல். சூரிக்கின் வரிசையிலோ அது ஒரு மயக்கம் தெளியும் இடம். அதற்கு முன்னர் மெல்லோட்ரானும் வயலினும் எங்கே போகிறோம் என்று அறியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. புரூஃபோர்டின் சீரான அடி வந்ததும் அவற்றுக்கு ஒரு திசை கிடைக்கிறது. நடுவே எடுத்த நான்கு நிமிடம் அவ்வளவு உறுதியாக ஒலிப்பதற்கு, தட்டில் இடம்பெறாத அந்த முந்தைய நிமிடங்களின் தடுமாற்றமே விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மேடையில் பிறந்தவற்றைத் தட்டாக்கும்போது தொகுப்பாளரின் கத்தரிக்கோல் எந்த அளவுக்கு இயற்றுபவரின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது என்பதை இதைவிட நேராகக் காட்டும் இடத்தை நான் கேட்டதில்லை. ஜெர்மனியின் ‘கேன்’ குழு மணிக்கணக்கில் வாசித்த நாடாக்களை அதன் பேஸ் கலைஞர் ஹோல்கர் சுகாய் வெட்டி ஒட்டித் தட்டுகளாக்கினார் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் அங்கே வெட்டியெறிந்ததை மீண்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு அவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை.

தட்டின் பெயரையே தாங்கிய துண்டு இரண்டாம் பக்கத்தைத் தொடங்குகிறது; ஒன்பது நிமிடம் ஓடுகிறது. பெயரைப் பற்றிப் புதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிலன் தாமஸின் ‘அண்டர் மில்க் வுட்’ வானொலி நாடகத்திலிருந்து எடுத்த இந்தச் சொற்றொடர், குழுவின் அடுத்த தட்டான ‘ரெட்’டில் வரும் ‘ஸ்டார்லெஸ்’ என்ற புகழ்பெற்ற பாடலின் வரிகளிலும் ஒலிக்கும். அந்தப் பாடலைத் தேடி இந்தத் தட்டை வாங்கி ஏமாந்தவர்களை நான் அறிவேன். இங்கே இருப்பது சொற்களே இல்லாத வாசிப்பு. மணிகளும் உரசல்களுமாக மெல்லத் தொடங்கி, ஒரு கட்டத்தில் தாளம் இறுகி, அதன்மேல் ஃப்ரிப்பின் கிடார் நீண்ட அலறலாக எழுகிறது. எழும் இடம் அருமை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தில், நால்வரும் ஒருவரை ஒருவர் கேட்பதைவிட ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. ‘தி மின்சர்’ பெற்ற கத்தரிக்கோலை இதற்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம். இந்தக் குழுவின் 1969-ஆம் ஆண்டு முதல் தட்டில், ‘மூன்சைல்ட்’ என்ற பன்னிரண்டு நிமிட உருப்படியின் பெரும்பகுதியும் இப்படித் தேடிக்கொண்டே திரியும் வாசிப்புதான். 2009-இல் அதை மறுகலவை செய்தபோது வில்சன் சில நிமிடங்களைக் குறைத்துவிட்டார். இங்கே அவர் கைவைக்கவில்லை. வைத்திருந்தால் ரசிகர்கள் சும்மா விட்டிருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தட்டை முடித்துவைக்கும் ‘ஃப்ராக்சர்’ மேடையில் பதிவானது என்றாலும் ஃப்ரிப் சுரம் சுரமாக எழுதிய உருப்படி. அதை இந்த மதிப்புரையில் சேர்ப்பதற்குக் காரணம், மற்ற நான்கையும் அளக்க அது ஒரு படிக்கல்லாக இருப்பதே. நடுப்பகுதியில் கிடார் நிமிடக்கணக்கில் ஒரு விநாடி ஓய்வுகூட இல்லாமல் ஒரே விரைவில் சுரங்களைக் கொட்டிக்கொண்டே போகிறது. ஒரு விரல் வழுக்கினால் மறைத்துக்கொள்ள இடமில்லை. எல்லாச் சுரங்களும் சம இடைவெளியில் நிற்கும் முழுத்தொனி அமைப்பில் அது கட்டப்பட்டிருக்கிறது. நம்மவர்கள் கோப்ரியா என்று சொல்லும் ராகத்தின் படிகள் இவை. ரிஷபப்பிரியாவில் பஞ்சமத்தை எடுத்துவிட்டால் கிடைப்பது. பஞ்சமம் இல்லாததால் எங்கும் கால் ஊன்ற முடியாது; வீடு திரும்பும் உணர்வே வராது. ஆச்சரியம் என்னவென்றால், இப்படி அணுஅணுவாக எழுதப்பட்டதுதான் தட்டில் மிக ஆபத்தானதாக ஒலிக்கிறது. முன்னேற்பாடே இல்லாத ‘ட்ரையோ’ பல நூற்றாண்டுகளாகப் பாடிவந்த நாட்டுப்பாடல்போல ஒலிக்கிறது.

ஸ்டூடியோவில் உருவான முதல் இரண்டு பாடல்களில் ‘தி கிரேட் டிசீவர்’ வேகத்துக்காகவும் ‘லமென்ட்’ கசப்பான நகைச்சுவைக்காகவும் கேட்கத் தக்கவை. ‘தி நைட் வாட்ச்’ ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த ஓவியத்தைப் பற்றியது. அந்த ஓவியம் தொங்கும் ரைக்ஸ் அருங்காட்சியகம், பாடலின் தொடக்கம் பதிவான கான்செர்ட்கெபவ் அரங்கிலிருந்து ஒரு மைதானத்தைக் கடந்தால் வந்துவிடும் தொலைவில் இருக்கிறது. அன்றைய ரசிகர்களில் சிலராவது அந்த வாரத்தில் இரண்டையும் பார்த்திருப்பார்கள்.

புதிய கலவையைப் பற்றி. வில்சனின் கை அடக்கமான கை. பழையதைத் துடைத்துத் தருவாரேயன்றிப் புதிதாக வண்ணம் பூசமாட்டார். மூலக் கலவையில் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் அடியில் நசுங்கிக் கிடந்த கிராஸின் வயலின், இங்கே தன் இடத்தில் நின்று ஒலிக்கிறது. இது சிறிய விஷயமல்ல. மேடையில் மற்ற மூவரின் ஒலியளவு ஏற ஏற வயலின் கேட்காமல் போனதே கிராஸ் 1974 கோடையில் குழுவை விட்டு விலகியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. சர்ரவுண்ட் கலவையில் ‘ட்ரையோ’வைக் கேட்க முடிந்தவர்கள் பாக்கியசாலிகள், அரங்கின் காற்று நம்மைச் சுற்றி நிற்கிறது. ‘ஃப்ராக்சர்’ மட்டும் எனக்கு ஸ்டீரியோவிலேயே இறுக்கமாக இருக்கிறது. நான்கு மூலைக்கும் பிரித்துவிட்டால் அந்த முஷ்டி சற்றே விரிந்துவிடுகிறது. மெல்லோட்ரானின் சுருதிக் கோளாறுகளைக் கணினியில் திருத்திவிடாமல் அப்படியே விட்டதற்கு நன்றி சொல்லவேண்டும். கூடுதலாக உள்ள ‘டாக்டர் டயமண்ட்’, ‘கட்ஸ் ஆன் மை சைட்’ இரண்டும் குழு மேடையில் மட்டும் பாடி, ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகாமலே கைவிட்ட பாடல்கள். இரண்டையும் ஒருமுறை கேட்டால் ஏன் கைவிட்டார்கள் என்பது விளங்கிவிடும்.

கைதட்டலை வெட்டியது சரியா? இந்தத் தட்டைப் பற்றிப் பேசும்போது தவறாமல் எழும் கேள்வி இது. சரியே என்பது என் எண்ணம், ஒரு நிபந்தனையோடு. கைதட்டல் இருந்திருந்தால் நாம் இவற்றை ஒரு நாளின் நினைவுச்சின்னமாகக் கேட்டிருப்போம்; அன்றைக்கு நன்றாக வாசித்தார்கள் என்று சலுகை கொடுத்திருப்போம். அதை எடுத்துவிட்டதால் ‘ட்ரையோ’வும் ‘லமென்ட்’டும் ஒரே தராசில் நிற்கின்றன, எழுதியதற்கு ஈடாக எழுதாததும் நின்று காட்டவேண்டியிருக்கிறது. நிபந்தனை என்னவென்றால், கேட்பவருக்கு என்றாவது ஒருநாள் உண்மை தெரியவேண்டும். 1974-இல் வாங்கியவர்களுக்கு உறையில் அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. இன்று தெரிந்துகொள்ள வழிகள் ஏராளம், அளவுக்கு மீறியும்கூட. 2014-இல் ‘ஸ்டார்லெஸ்’ என்ற பெயரில் 27 தட்டுகள் கொண்ட பெட்டி ஒன்று வந்தது. 1973-74 கச்சேரிகளின் பதிவுகள் அதில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முன்னேற்பாடற்ற வாசிப்பு இரவுக்கு இரவு எப்படி மாறியது என்று ஆராய விரும்புபவருக்கு அது சுரங்கம். மற்றவர்கள் அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பதிலாக நான் பரிந்துரைப்பது, இந்த இரட்டைத் தட்டோடு 1997-இல் வெளிவந்த ‘தி நைட் வாட்ச்’ தொகுப்பையும் சேர்த்து வாங்குவதை. நவம்பர் 23 ஆம்ஸ்டர்டாம் கச்சேரி, கைதட்டலோடும் இடைப்பேச்சோடும், இரண்டு குறுந்தட்டுகளில் அதில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 1974 தட்டின் வரிசை கச்சேரியின் வரிசையைத் தலைகீழாக்கியிருப்பது தெரியும். தட்டில் ‘ட்ரையோ’ முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது; தலைப்புத் துண்டு இரண்டாம் பக்கத்தில்; ‘ஃப்ராக்சர்’ கடைசியில். அன்றிரவோ இவற்றுள் முதலில் ‘ஃப்ராக்சர்’ வாசித்தார்கள், பிறகு ‘தி நைட் வாட்ச்’ பாடினார்கள், அதன்பின் ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ என்று பின்னர் பெயர் பெற்ற அந்த ஒன்பது நிமிடக் கொந்தளிப்பு, அதை அடுத்து ‘ட்ரையோ’.

அந்த வரிசையில் கேட்டபோது என் தீர்ப்புகளில் ஒன்றை நானே திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. தலைப்புத் துண்டு நீளம் என்று மேலே எழுதினேன். தட்டில் அது நீளம்தான். கச்சேரியில் அது ‘ட்ரையோ’வுக்கு வேண்டிய களைப்பைச் சேர்த்துவைக்கிறது. ஒன்பது நிமிடமும் புரூஃபோர்ட் ஓய்வில்லாமல் உழைத்திருக்கிறார். அவர் குச்சிகளைக் குறுக்காக வைத்து அமர்ந்தது அதற்குப் பிறகு. துரதிர்ஷ்டவசமாக 1997 தொகுப்பின் முதல் தட்டு சரியாக இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. ‘ட்ரையோ’ இரண்டாம் தட்டின் முதல் உருப்படி. நாற்காலியிலிருந்து எழுந்து தட்டை மாற்றிவிட்டு வந்து உட்காருவதற்குள் அந்த மௌனம் கலைந்துவிடுகிறது. நான் இரண்டையும் கணினியில் ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வைத்துக்கொண்டிருக்கிறேன்.